கண்காணிப்புக்கு ஒரு களம்

நுழையும்முன்

வங்கிப் பரிமாற்றம், தொடர்வண்டி முன்பதிவு, தேர்வு முடிவு, மருத்துவமனைப் பதிவேடு என அன்றாட வாழ்வின் பல பணிகள் சேவையகக் கணினிகளை நம்பி நடைபெறுகின்றன. இரவும் பகலும் இயங்கும் அக்கணினிகளை மனிதர் இமை கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்க இயலாது. அப்பணியைக் கண்காணிப்பு மென்பொருள் ஏற்றுக்கொள்கிறது. அம்மென்பொருளை நிறுவுவது எளிது. அது காண்பதற்கு ஏற்ற களத்தை அமைப்பதே அரிது. அக்களம் எவ்வாறு அமைய வேண்டும் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

மௌனத்தின் இரு பொருள்

2017ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள், அமெரிக்காவின் வடக்கு வர்ஜீனியாவில் அமேசான் நிறுவனத்தின் எஸ்3 என்னும் சேமிப்புச் சேவை நின்றுபோனது. சில சேவையகங்களை மட்டும் விலக்குவதற்காக இடப்பட்ட கட்டளையில் நேர்ந்த பிழையால், மிகுதியான சேவையகங்கள் விலக்கப்பட்டுவிட்டன. அச்சேவையை நம்பியிருந்த எண்ணற்ற இணையத்தளங்கள் முடங்கின. அதனினும் வியப்பானது வேறொன்று. எந்தச் சேவை நலமாக உள்ளது, எது பழுதுற்றது என உலகுக்கு அறிவிக்கும் நிலைப்பலகையை ஏறத்தாழ இரண்டு மணிநேரம் புதுப்பிக்க முடியவில்லை. அப்பலகையை இயக்கும் கருவியும் பழுதுற்ற அதே எஸ்3 சேவையைச் சார்ந்திருந்ததே அதற்குக் காரணம். வீடு தீப்பற்றியபோது, தீயை அறிவிக்கும் மணியும் அவ்வீட்டினுள்ளே எரிந்துபோனதற்கு இது ஒப்பாகும்.

இந்நிகழ்வு உணர்த்தும் உண்மை ஒன்று உண்டு. கண்காணிப்பு மென்பொருள் எச்சரிக்கை ஏதும் தராமல் மௌனமாக இருப்பதற்கு இரண்டு பொருள் கொள்ளலாம். எல்லாம் நலம் என்பது ஒன்று. காணும் கண்ணே மறைக்கப்பட்டுவிட்டது என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் பிரித்தறிய இயலாத கண்காணிப்பு, கண்காணிப்பு இல்லாத நிலையைவிடத் தீங்கானது. அது பொய்யான நிம்மதியைத் தருகிறது. மௌனத்தை நம்பத்தக்கதாக ஆக்குவதே, நிறுவுதலுக்கு முன் செய்யப்படும் பணிகளின் நோக்கமாகும்.

எதைக் காண்பது?

முதற்பணி பட்டியல் எடுத்தல். வலையமைப்பில் உள்ள சேவையகங்கள், திசைவிகள், நிலைமாற்றிகள், அச்சுப்பொறிகள், தடையிலா மின்வழங்கிகள் ஆகிய அனைத்தையும் எழுத வேண்டும். ஒவ்வொன்றின் பெயர், முகவரி, இருக்கும் இடம், செய்யும் பணி, பொறுப்பாளர் ஆகியவை அப்பட்டியலில் இடம்பெற வேண்டும். பட்டியலில் விடுபட்ட கருவி, மென்பொருளின் பார்வையிலும் விடுபடும். என்றோ ஒருவர் மேசையின் கீழ் வைத்துவிட்டு மறந்துபோன சிறு கணினியில்தான் ஊதியக் கணக்கு முழுவதும் இருக்கக்கூடும்.

பட்டியலோடு சார்புநிலையையும் குறித்தல் வேண்டும். ஒரு கல்லூரியின் நூலகத்தில் உள்ள பத்துக் கணினிகள் ஒரே நிலைமாற்றியின் வழியாக மைய வலையமைப்போடு இணைந்துள்ளன எனக் கொள்ளலாம். அந்நிலைமாற்றி பழுதுற்றால், பத்துக் கணினிகளும் செயலிழந்தனவாகவே தோன்றும். சார்புநிலை குறிக்கப்பட்டிருந்தால் ஒரே எச்சரிக்கை வரும். குறிக்கப்படாவிட்டால் பதினொரு எச்சரிக்கைகள் வந்து, உண்மையான பழுதை மறைத்துவிடும்.

முகவரியும் பெயரும்

வலையமைப்பில் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் ஐ.பி. முகவரி உண்டு. நிறுவனங்களின் உள்வலையமைப்புக்கென 10, 172.16 முதல் 172.31 வரை, 192.168 ஆகிய எண்களில் தொடங்கும் முகவரிகள் ஒதுக்கப்பட்டுள்ளன. கண்காணிக்கப்படும் சேவையகத்தின் முகவரி நாளுக்கு நாள் மாறுமாயின், நேற்றுவரை சேவையகத்தைக் கவனித்த மென்பொருள் இன்று யாரோ ஒருவரின் மடிக்கணினியைக் கவனித்துக்கொண்டிருக்கும். ஆகவே, சேவையகங்களுக்கும் கண்காணிப்புக் கணினிக்கும் மாறா முகவரிகளை வழங்குதல் வேண்டும்.

எண்களை நினைவில் கொள்வது கடினம் என்பதால் பெயர்கள் வழங்கப்படுகின்றன. பெயரை முகவரியாக மாற்றித் தரும் டி.என்.எஸ். என்னும் முறையை 1983இல் பால் மோக்கபெட்ரிஸ் வடிவமைத்தார். பெயரைக் கொண்டு கருவிகளைத் தேடுவது வசதியானது; எனினும் அதில் ஓர் இடர் உண்டு. பெயர்ச்சேவை நின்றுபோனால், நலமாக இயங்கும் எல்லாச் சேவையகங்களும் ஒரே நொடியில் மறைந்துவிட்டனவாகத் தோன்றும். எனவே, பெயர்ச்சேவையையும் மையத் திசைவியையும் முகவரி எண்ணைக் கொண்டே கண்காணிப்பது நன்று.

துறைகளும் தீச்சுவரும்

ஆற்றில் இறங்கும் இடத்தையும் கப்பல் அணையும் இடத்தையும் துறை என்பது தமிழ் வழக்கு. கணினியிலும் தகவல் வந்து அணையும் இடங்கள் துறைகள் எனப்படுகின்றன. அவை எண்களால் குறிக்கப்படுகின்றன. எந்தத் தகவல் எந்தத் துறைக்குச் செல்லலாம் என முடிவு செய்யும் காவலே தீச்சுவர். கண்காணிப்பு மென்பொருளை நிறுவியபின் எழும் சிக்கல்களுள் பல இங்கேதான் தொடங்குகின்றன.

கண்காணிப்பு இருவகையில் நிகழ்கிறது. மையக் கணினி ஒவ்வொரு கருவியையும் அணுகி நிலையைக் கேட்டறிவது ஒருவகை. கருவியே தன் நிலையை மையத்துக்கு அனுப்புவது மற்றொரு வகை. எஸ்.என்.எம்.பி. என்னும் நெறிமுறையில், மையம் கேட்கும் வினாக்கள் கருவியின் 161ஆம் துறைக்குச் செல்லும். கருவி தானாக அனுப்பும் அறிவிப்புகள் மையத்தின் 162ஆம் துறைக்கு வரும். லாட்வியாவில் உருவான சாபிக்ஸ் மென்பொருளில் 10050ஆம் துறை வினாவுக்கும், 10051ஆம் துறை வரவுக்கும் உரியவை. தகவல் பயணத்தின் திசையை அறியாமல் துறையைத் திறப்பது, வருவோருக்குப் புறப்பாட்டு வாயிலைத் திறந்துவைப்பது போலாகும்.

எனவே, ஒவ்வொரு பாதைக்கும் ஐந்து செய்திகளை எழுதிவைத்தல் வேண்டும். எங்கிருந்து, எங்கு, எந்தத் துறைக்கு, எந்த நெறிமுறையில், என்ன நோக்கத்திற்கு என்பனவே அவை. தேவையான பாதை மட்டுமே திறக்கப்பட வேண்டும். அவசரத்தில் தீச்சுவர் முழுவதையும் அணைத்துவைத்து மென்பொருளை இயக்கிப் பார்ப்பவர், மீண்டும் அதனை இயக்க மறந்துவிடுவதும் உண்டு.

இங்கும் மௌனம் ஏமாற்றவல்லது. டி.சி.பி. நெறிமுறையில் மூடிய துறையைத் தட்டினால், பெரும்பாலும் மறுப்பு உடனே வரும். தீச்சுவர் தகவலை விழுங்கிவிட்டால் மறுமொழியே வாராது. மறுப்பு வந்தால் கணினி இருக்கிறது, சேவைதான் இல்லை என்பது பொருள். மௌனம் நீடித்தால் இடைவழியை ஆராய வேண்டும். 162ஆம் துறைக்கு வரும் எஸ்.என்.எம்.பி. அறிவிப்புகள் பொதுவாக யு.டி.பி. நெறிமுறையில் பயணம் செய்கின்றன. அவற்றின் எளிய வடிவத்தில், அறிவிப்பு சேர்ந்ததா என்பதை அனுப்பிய கருவி அறியாது. இடையில் அது தடுக்கப்பட்டதை மையமும் அறியாது. அபாய மணி அடிக்கும். எவர் செவியிலும் விழாது.

தெரிந்து தெளிவோம்

ஒரு கணினி வலையமைப்பில் உள்ளதா என்பதை அறியப் பயன்படும் 'பிங்' என்னும் நிரலை 1983ஆம் ஆண்டு டிசம்பரில் மைக் மூஸ் எழுதினார். நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டறியும் ஒலியலைக் கருவி எழுப்பும் ஓசையே அதற்குப் பெயராயிற்று. இது ஐ.சி.எம்.பி. நெறிமுறையைப் பயன்படுத்துவதால் இதற்குத் துறை எண் இல்லை. தீச்சுவரில் தனியே இசைவு தர வேண்டும். பிங் மறுமொழி, கணினி விழித்திருப்பதை மட்டுமே உணர்த்தும். அதிலுள்ள சேவை நலமாக இயங்குவதை உணர்த்தாது.

ஒரே கடிகாரம்

ஒரு தரவுத்தளச் சேவையகம் 10 மணி 2 நிமிடம் 5 நொடிக்குப் பழுதுறுகிறது. அதனை நம்பியிருந்த இணையச் சேவையகம் நான்கு நொடிகள் கழித்து நின்றுபோகிறது. இரண்டாவது கணினியின் கடிகாரம் மூன்று நிமிடம் பிந்தி ஓடினால், பதிவேட்டில் விளைவு முன்னும் காரணம் பின்னுமாகத் தோன்றும். பழுதை ஆராய்வோர் தவறான கணினியைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருப்பர்.

இதனைத் தவிர்க்க, எல்லாக் கருவிகளின் கடிகாரங்களையும் ஒன்றோடொன்று ஒத்திசையச் செய்தல் வேண்டும். டேவிட் மில்ஸ் உருவாக்கிய என்.டி.பி. நெறிமுறை இதற்குத் துணைபுரிகிறது. அது 123ஆம் துறையைப் பயன்படுத்துகிறது. உள்வலையமைப்பிலேயே நம்பகமான நேரச் சேவையகத்தை அமைத்து, ஏனைய கருவிகள் அதனையே பின்பற்றுமாறு செய்யலாம். பதிவுகள் இந்திய நேரத்தில் அமைய வேண்டுமா, அதற்கு ஐந்தரை மணிநேரம் பின்தங்கிய உலகப் பொது நேரத்தில் அமைய வேண்டுமா என்பதையும் முன்னரே முடிவு செய்தல் நலம்.

திறவுகோலும் அதன் எல்லையும்

எல்லா அறைகளையும் பார்வையிடும் காவலரிடம் எல்லா அறைகளின் திறவுகோலும் இருக்கும். ஆதலால், திருடர் முதலில் தேடுவது அக்காவலரையே. கண்காணிப்பு மென்பொருளின் நிலையும் இதுவே.

சோலார்விண்ட்ஸ் நிறுவனத்தின் ஓரியன் என்னும் வலையமைப்புக் கண்காணிப்பு மென்பொருளின் புதுப்பிப்புகளில் ஊடுருவாளர் தீங்கு நிரலைக் கலந்தனர். 2020ஆம் ஆண்டு டிசம்பரில் அது வெளிப்பட்டது. அப்புதுப்பிப்புகளை 18,000-க்குச் சற்றுக் குறைவான வாடிக்கையாளர்கள் பெற்றிருக்கக்கூடும் என அந்நிறுவனம் அறிவித்தது. அமெரிக்க அரசுத்துறைகள் சிலவும் ஊடுருவலுக்கு உள்ளாயின. காக்க வந்த கருவியே பகைவர் நுழையும் வாயிலாயிற்று.

இதிலிருந்து கொள்ளத்தக்க நெறி, தேவைக்கு மிகாத அதிகாரம் என்பதாகும். கண்காணிப்புக்கெனத் தனிப் பயனர் கணக்கை உருவாக்க வேண்டும். அக்கணக்கு நிலையைப் படிக்கலாம், எதையும் மாற்றலாகாது. எஸ்.என்.எம்.பி.யின் முதல் இரு பதிப்புகளில் கடவுச்சொல் மறைக்கப்படாமலேயே பயணம் செய்கிறது. பல கருவிகளில் அது 'பப்ளிக்' என்னும் எவரும் அறிந்த சொல்லாகவே அமைந்து வந்தது. மூன்றாம் பதிப்பில் அடையாளச் சரிபார்ப்பும் குறியாக்கமும் உண்டு. அதனையே தேர்ந்தெடுப்பது பாதுகாப்பானது. மேலும், கண்காணிப்புக் கணினியிலிருந்து வெளி இணையத்துக்குச் செல்லும் பாதைகளையும் இன்றியமையாதவற்றுக்கு மட்டுமே திறந்துவைக்க வேண்டும்.

காவலுக்குத் தனிவழி

2021ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் முகநூல், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் ஆகியவை ஏறத்தாழ ஆறு மணிநேரம் இயங்கவில்லை. பராமரிப்பின்போது இடப்பட்ட ஒரு கட்டளை, தரவு மையங்களை இணைக்கும் முதுகெலும்பு வலையமைப்பைத் துண்டித்தது. பெயர்ச்சேவையும் உலகின் பார்வையிலிருந்து மறைந்தது. பழுதை ஆராய உதவும் உள்நிறுவனக் கருவிகள் பலவும் அதே வலையமைப்பை நம்பியிருந்தமையால் அவையும் முடங்கின. பொறியாளர்கள் தரவு மையங்களுக்கு நேரில் செல்ல நேர்ந்தது.

கண்காணிப்புத் தகவலுக்கு, இயன்றவரை, பயனர் தகவல் செல்லும் வழியிலிருந்து வேறுபட்ட தனிவழி வேண்டும். எச்சரிக்கை மின்னஞ்சலாக மட்டும் செல்லுமாயின், மின்னஞ்சல் சேவையகம் நின்றதை அறிவிக்க வழியிராது. குறுஞ்செய்தி போன்ற மாற்றுவழியும் தேவை. கண்காணிப்புக் கணினியைக் கவனிக்க வேறோர் இடத்தில் சிறிய கண்காணிப்பு ஒன்றும் இருத்தல் வேண்டும். ஓர் ஒற்றர் கொணர்ந்த செய்தியை மற்றோர் ஒற்றரைக் கொண்டு தெளிய வேண்டும் எனத் திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரம் அரசனுக்கு உரைத்த நெறி, கணினி உலகிற்கும் பொருந்துகிறது.

சுமையும் சேமிப்பும்

200 கருவிகளில், கருவிக்கு 50 அளவீடுகள் நிமிடத்துக்கு ஒருமுறை திரட்டப்படுகின்றன எனக் கொள்ளலாம். நிமிடத்துக்கு 10,000 மதிப்புகள் சேரும். ஒரு நாளில் அவை 1 கோடியே 44 இலட்சம் ஆகும். இத்தனையையும் தாங்கும் சேமிப்பிடம் உள்ளதா, எத்தனை நாள் வைத்திருப்பது, பழையவற்றைச் சராசரியாகச் சுருக்குவதா என்பவற்றை முன்னரே கணக்கிட வேண்டும். சேமிப்பிடம் நிறைந்து கண்காணிப்பே நின்றுபோவது வருந்தத்தக்க முரண்.

நிறுவுமுன் ஒத்திகை

ஆயத்தப் பணிகள் முடிந்தபின், மென்பொருள் இயங்கவிருக்கும் அதே கணினியிலிருந்து ஒவ்வொரு பாதையையும் சோதித்தல் வேண்டும். நிருவாகியின் மடிக்கணினியிலிருந்து திறக்கும் பாதை, கண்காணிப்புக் கணினியிலிருந்து திறவாமல் போகலாம். நிறுவியபின் இன்னும் ஒரு சோதனை எஞ்சியுள்ளது. முன்னறிவிப்புடன் ஒரு சேவையை வேண்டுமென்றே நிறுத்திப் பார்க்க வேண்டும். எச்சரிக்கை உரியவரின் கைப்பேசியை எட்டினால்தான் களம் அமைந்தது எனலாம். எட்டாவிட்டால், அக்குறை அமைதியான ஒரு பகற்பொழுதில் தெரிந்ததே நன்மை. நள்ளிரவில் மருத்துவமனையின் பதிவேடு நின்றபோது தெரியவருவதைவிட அது எவ்வளவோ மேல்.

கண்காணிப்பு மென்பொருள் அறிவது, அதற்குக் காட்டப்பட்டதை மட்டுமே. எதைக் காட்டுவது, எவ்வழியில் காட்டுவது, எந்த எல்லைவரை காட்டுவது என முடிவு செய்வோர் மனிதரே. அம்முடிவுகள் செம்மையாக அமைந்த இடத்தில், எச்சரிக்கையை மட்டுமன்றி அதன் மௌனத்தையும் நம்பலாம்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளிக் கணினி ஆய்வகத்தில் உள்ள கருவிகளைப் பட்டியலிட்டு, எது எதனைச் சார்ந்துள்ளது என்பதைப் படமாக வரைக.

2. 'எச்சரிக்கை வராமை எப்போதும் நலத்தின் அடையாளம் அன்று' – பாடச் செய்திகளைக் கொண்டு நிறுவுக.

3. வலையமைப்பு, சேவையகம், தீச்சுவர், துறை, குறியாக்கம் ஆகிய கலைச்சொற்கள் அமைந்த முறையைக் குறித்து வகுப்பில் கலந்துரையாடுக.