விலக்கப்பட்ட நூலும் இளம் வாசகரும்

ஒரே நூலை இரு காலத்தவர் இரு வேறு காரணங்களால் விலக்க முற்பட்ட வரலாறு ஒன்றுண்டு, நேயர்களே. மார்க் ட்வெயினின் ‘ஹக்கிள்பெரி ஃபின்’ அமெரிக்காவில் வெளிவந்த 1885ஆம் ஆண்டிலேயே, மசசூசெற்ஸ் மாநிலத்துக் கொங்கோட் நகரப் பொதுநூலகத்தார் அதனை அகற்றினர். ஊர்சுற்றிச் சிறுவனொருவனின் கொச்சைப் பேச்சு பிள்ளைகளுக்கு ஆகாதென்பது அவர்தம் எண்ணம். நூலாசிரியரோ, விற்பனை பெருகுமென்று மகிழ்ந்தார்!

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து வலுப்பெற்ற எதிர்ப்பு அத்தகையதன்று. கறுப்பின மக்களை இழித்துரைக்கும் சொல்லொன்று அந்நூலில் இருநூறு தடவைக்கு மேல் வருகின்றது. வகுப்பில் அதனை உரக்கப் படிக்கையில் கறுப்பினப் பிள்ளையின் உள்ளம் என்ன பாடுபடும்! முன்னைய தடையை நகைத்துத் தள்ளலாம். இதனை அவ்வாறு தள்ளுதல் தகாது.

2011இல் அச்சொல்லுக்குப் பதிலாக ‘அடிமை’ என்று அச்சிட்ட பதிப்பொன்றும் வெளிவந்தது. எனக்கு அதில் உடன்பாடில்லை. தப்பியோடிய அடிமையான ஜிம்மைக் காட்டிக்கொடுக்கத் தான் எழுதிய கடிதத்தை ஹக் கிழித்தெறியும் இடமே நூலின் உயிர்நிலை. தான் செய்வது பாவமென்று நம்பிக்கொண்டே கிழிக்கின்றான். அவ்வாறு நம்பப் பழக்கிய சமூகத்தின் கொடுமை, அதன் பேச்சை மறைத்துவிட்டால் மாணவருக்கு எங்ஙனம் விளங்கும்?

ஆயினும், நூலைக் கையிற் கொடுத்துவிட்டு ஆசிரியர் ஒதுங்கிவிடுதல் முறையன்று. அச்சொல்லின் வரலாற்றை முதலிற் கூறி, உடனிருந்து படிப்பித்தல் வேண்டும். அதனை வாய்விட்டுச் சொல்லாது கடந்து செல்ல விரும்பும் பிள்ளைக்கு நான் இடமளிப்பேன்.