ஓநாய் இல்லாத ஊரில் ஓர் ஓநாய்ப் பள்ளத்தாக்கு: வுல்வெண்டால் தேவாலயமும் தமிழும்

கொட்டாஞ்சேனையில் தேவாலயத்துக்கு வழி கேட்டால் கொச்சிக்கடை அந்தோனியாரையோ சாந்த லூசியா பேராலயத்தையோதான் காட்டுவார்கள். செட்டியார் தெருவிலிருந்து சிறிது தூரத்தில், மேட்டின் மேல் நிற்கும் வுல்வெண்டால் தேவாலயத்தைப் பலர் வெளியிலிருந்து பார்த்ததோடு சரி. "அது பறங்கியரின் கோயில்" என்ற ஒரே வரியோடு கதை முடிந்துவிடும். ஆனால் அந்தக் கதையில் தமிழுக்கும் பங்கு உண்டு என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

'வுல்வெண்டால்' என்றால் ஒல்லாந்த மொழியில் ஓநாய்ப் பள்ளத்தாக்கு. இலங்கையில் ஓநாய் கிடையாது. அக்காலத்தில் கோட்டைக்கு வெளியே சதுப்பும் பற்றையுமாகக் கிடந்த இந்த இடத்தில் ஊளையிட்ட நரிகளை ஐரோப்பியர் ஓநாய் என்று நினைத்ததால் வந்த பெயர் என்பார்கள்.

1656இல் கொழும்பைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர், கோட்டைக்குள் இருந்த தேவாலயத்தையே முதலில் பயன்படுத்தினர். வுல்வெண்டாலில் 1749இல் வேலை தொடங்கியது. 1757 மார்ச் 6ஆம் திகதி தேவாலயம் அர்ப்பணிக்கப்பட்டது.

கபுக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு எழுப்பிய சுவர்கள் ஏறக்குறைய ஐந்தடி தடிப்பு. வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே குளிர்ச்சி குறையாதது அதனால்தான். தரையமைப்பு நான்கு கைகளும் ஏறக்குறையச் சமமான கிரேக்கச் சிலுவை வடிவம். சீர்திருத்தச் சபையின் வழிபாட்டில் சொரூபங்கள் இல்லை; பிரசங்கமே பிரதானம். எந்தக் கையில் அமர்ந்தாலும் போதகரின் குரல் எட்டுவதற்கு இந்த வடிவம் வசதியானது. நடுவில் உயர்ந்து நின்ற செங்கல் கூரை 1856இல் மின்னல் தாக்கிச் சேதமடைந்தது. பின்னர் அது பழைய உருவுக்குத் திரும்பவில்லை.

தரையில் பதித்த கல்லறைக் கற்களில் பல இங்கேயே பிறந்தவை அல்ல. பிரித்தானியர் ஆட்சிக்கு வந்தபின், சிதைந்துபோன கோட்டைத் தேவாலயத்திலிருந்து ஒல்லாந்த ஆளுநர்களின் எச்சங்கள் 1813இல் இங்கு கொண்டுவரப்பட்டன.

இனி, தமிழ்ப் பங்கு. தேவாலயம் திறந்து இரண்டு ஆண்டுகளில், 1759இல், இதே கொழும்பில் தமிழ்ப் புதிய ஏற்பாடு ஒன்று அச்சேறியது. அதை மொழிபெயர்த்தவர் பிலிப்பு தெ மெல்லோ. 1723இல் கொழும்பில் பிறந்து, ஒல்லாந்தர் நடத்திய செமினரியில் படித்து, அச்சபையின் குருவானவர். சைமன் காசிச்செட்டி 1859இல் வெளியிட்ட 'தமிழ் புளூராக்' என்ற தமிழ்ப் புலவர் வரலாற்று நூலில் அவருக்கும் இடம் உண்டு.

இந்தச் சபையின் கதை முழுவதும் பக்தியால் ஆனதல்ல. ஒல்லாந்தர் காலத்தில் கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டிருந்தது. அரசாங்க உத்தியோகம் வேண்டுமென்றால் சீர்திருத்தச் சபையில் ஞானஸ்நானம் பெற்றிருக்க வேண்டும். விரும்பியும் விரும்பாமலும் எத்தனையோ தமிழரின் சிங்களவரின் பெயர்கள் அவர்களது தோம்புகளில் ஏறின. இன்று ஒரு குடும்பம் தன் பூட்டனாரைத் தேடினால், அந்தக் கட்டாயம் விட்டுச்சென்ற ஏடுகளே சில வேளை ஒரே தடயம்.

இதே சிலுவை வடிவத்தில் யாழ்ப்பாணக் கோட்டைக்குள் 1706இல் எழுந்த தேவாலயம் இன்று இல்லை. போரில் தகர்ந்து இடிபாடாகிவிட்டது. வடக்கில் நாம் இழந்ததன் உருவத்தை நின்ற நிலையில் பார்க்க வேண்டுமென்றால் கொட்டாஞ்சேனைக்குத்தான் வரவேண்டும்.

பறங்கியர் பலர் அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார்கள். கட்டடத்தை "அவர்களுடையது" என்று விட்டுவிட்டால், கூரை ஒழுகும்போது கேட்க ஆள் இருக்காது. கொட்டாஞ்சேனைப் பிள்ளைகளை ஒரு நாள் உள்ளே அழைத்துச் சென்று, தெ மெல்லோவின் பெயரையும் சொல்லிக் கொடுப்பதற்குப் பெரிய செலவில்லை. தன்னுடையது என்று தெரிந்ததைத்தான் ஊர் காப்பாற்றும்.