மாத்திரை வந்துவிட்டது, விவரம் வந்ததா?

2021 ஆகஸ்ட் 5-ல் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தால், நீரிழிவுக்காரர்களுக்கு மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. திருவள்ளூர்க் கிராமங்களும் இதற்கு விலக்கல்ல. நல்ல காரியம்! ஆனால், விவரமும் கூடவே வர வேண்டாமா?

சர்க்கரை குறைந்துவிட்டதென்று மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது, குறைந்ததே மாத்திரையால்தானே! கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலையில் இரவு ‘ஷிப்ட்’ பார்ப்பவர், மாத்திரை போட்டுக்கொண்டு சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால், சில மாத்திரைகள் சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கி மயக்கத்தில் தள்ளிவிடும். காலில் உணர்ச்சி மங்கியவருக்கு முள் தைத்தாலும் தெரியாது. தினமும் பாதத்தைப் பார்க்க வேண்டும்.

சகோதரிகளே! ஊரிலிருந்து பெரியம்மா வந்தால் மருந்துச் சீட்டைப் படித்துச் சொல்லுங்கள். பிறகு, “எங்கே, நீங்கள் சொல்லுங்கள் பார்ப்போம்” என்று கேளுங்கள். தலையாட்டினால் போதாது; அவர் வாயால் சொன்னால்தான் புரிந்ததாக அர்த்தம்!