வளர்ப்புப் பாம்புகளை ஒரே பெட்டியில் வைத்தல்

வளர்ப்புப் பாம்புகளை ஒரே பெட்டியில் வைத்தல் என்பது, செல்ல விலங்குகளாக வளர்க்கப்படும் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பாம்புகளைக் கண்ணாடிப் பெட்டி, மரப்பெட்டி போன்றவற்றில் சேர்த்துப் பேணும் வழக்கத்தைக் குறிக்கும். ஐக்கிய அமெரிக்கா, கனடா, ஐக்கிய இராச்சியம் முதலிய நாடுகளின் பாம்பு வளர்ப்போரிடையே நெடுங்காலமாக விவாதிக்கப்பட்டு வரும் பொருள் இது. பெரும்பாலான இனங்களுக்கு ஒரு பெட்டிக்கு ஒரு பாம்பு என்பதே பரவலாகப் பரிந்துரைக்கப்படும் முறையாகும். வட அமெரிக்காவைச் சேர்ந்த கார்ட்டர் பாம்புகள் இதற்கு விதிவிலக்காகக் கொள்ளப்படுகின்றன. இந்தியாவில் உள்நாட்டுப் பாம்புகளைப் பிடித்து வீட்டில் வளர்க்க 1972ஆம் ஆண்டின் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டம் இடந்தருவதில்லை. எனவே இங்குக் கூறப்படுபவை பெரும்பாலும் அயல்நாடுகளில் வளர்க்கப்படும் இனங்களைப் பற்றியவை.

ஒன்றையொன்று விழுங்குதல்

சேர்த்து வைக்கக்கூடாத பாம்புகளுள் முதலில் குறிப்பிடப்படுவது கிங்ஸ்நேக். நம் நாட்டு இராசநாகத்துக்கும் இதற்கும் நெருங்கிய உறவில்லை. இது நஞ்சற்றது, இரையைச் சுற்றி இறுக்கிக் கொல்வது. ஆயினும் பிற பாம்புகளைத் தின்னும் பழக்கம் இரண்டுக்கும் பொதுவானது. கலிபோர்னியக் கிங்ஸ்நேக் தன்னைவிட நீளமான பாம்பையும் விழுங்க வல்லது என்பதை 2004ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு விளக்கியது. விழுங்கப்படும் பாம்பின் உடல் அலை அலையாக மடிந்து இரைப்பைக்குள் அடங்கிவிடுகிறது. ஒத்த பருமனுள்ள அமெரிக்க எலிப்பாம்புகளைவிடக் கிங்ஸ்நேக்குகள் கூடுதல் அழுத்தத்துடன் இறுக்குகின்றன என 2017இல் மற்றோர் ஆய்வு காட்டியது. பெட்டியில் உள்ள மற்றொரு பாம்பு தன் இனத்தைச் சேர்ந்ததா என்பதை இவை பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. ஓர் ஆண்டுக்கு மேல் அமைதியாக உடன் இருந்ததும் பாதுகாப்புக்கு உறுதியாகாது.

சாதுவான இனம் எனப் பெயர்பெற்ற சோளப் பாம்புகளிடையேயும், சிறப்பாகக் குஞ்சுகளிடையே, இது நிகழ்வதுண்டு. இங்குக் காரணம் பெரும்பாலும் பகையன்று, உணவு வேளையில் ஏற்படும் குழப்பமே. பாம்பு தன் நாவினால் திரட்டும் வேதிப்பொருள்களை வாயின் மேலண்ணத்திலுள்ள சேக்கப்சன் உறுப்பின் வழி அறிகிறது. எலியைத் தின்று முடித்த பாம்பின் தலையில் எலியின் மணம் ஒட்டியிருக்கும். பக்கத்திலுள்ள பாம்புக்கு அத்தலையும் இரையே. ஒரே எலியை இரண்டு பாம்புகள் இரு முனைகளிலிருந்து கவ்விக்கொண்டால் நிலைமை இன்னும் மோசமாகிறது. பாம்பின் பற்கள் உள்நோக்கி வளைந்திருப்பதால் கவ்வியதை விடுவது கடினம். எலியை விழுங்கிக்கொண்டே வரும் பெரிய பாம்பு, அதன் மறுமுனையில் இருக்கும் சிறிய பாம்பையும் சேர்த்து விழுங்கத் தொடங்கிவிடும். விழுங்கிய பாம்பும் மூச்சடைப்பாலோ செரிமானக் கோளாறாலோ இறக்க நேரிடலாம்.

அருகில் கிடத்தல்

ஒரே மறைவிடத்தில் இரண்டு பாம்புகள் பின்னிக் கிடப்பதைப் பார்க்கும் வளர்ப்பாளர், அவை ஒன்றையொன்று விரும்புவதாக எண்ணுவது இயல்பு. ஆனால் இதற்கு எளிய விளக்கம் ஒன்று உண்டு. பாம்பு தன் உடல் வெப்பத்துக்குச் சூழலையே நம்பியிருக்கும் விலங்கு. பந்து மலைப்பாம்பு ஒன்றின் பெட்டியில் வெப்ப முனை ஏறத்தாழ 31 முதல் 33 பாகை செல்சியசும், குளிர் முனை 24 முதல் 26 பாகையும் இருக்கும்படி அமைப்பர். பல பெட்டிகளில் வெப்பமான மறைவிடம் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். இரண்டு பாம்புகளுக்கும் அது தேவைப்படும்போது இரண்டும் அங்கேயே கிடக்கும். அல்லது வலுவுள்ளது அங்கே கிடக்க, மற்றது குளிர்ந்த மூலையில் ஒதுங்கும். ஒதுங்கிய பாம்புக்கு உணவு சரியாகச் செரிப்பதில்லை. கடியோ சீற்றமோ இல்லாமலேயே அது மெலிந்துகொண்டு வரும். சண்டையைத் தேடும் கண்ணுக்கு இது புலப்படாது என்பதே இதிலுள்ள இடர்.

பாம்புகளின் நடத்தையைத் தவறாகப் பொருள்கொள்வது புதிதன்று. தமிழகத்தில் சாரையும் நாகமும் பிணைவதாக இன்றும் பலர் நம்புகின்றனர். வயல்வெளியில் உடலை உயர்த்தி முறுக்கிக்கொண்டு ஆடுவதாகக் காணப்படுபவை பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைப் பாம்புகள். அவை இணைசேரவில்லை, ஒன்றையொன்று தரையில் அழுத்தப் போரிடுகின்றன. ஆண் பந்து மலைப்பாம்புகளும் இவ்வாறு மல்லாடுவதுண்டு. காட்டில் தோற்ற ஆண் விலகிப் போய்விடும். பெட்டிக்குள் அதற்குப் போக இடமில்லை.

நோய்கள்

கூட்டாக வைப்பதற்கு எதிரான காரணங்களுள் வலுவானது நோய்த்தொற்று எனலாம். கிரிப்டோஸ்போரிடியம் செர்பென்டிஸ் என்னும் ஒட்டுண்ணி பாம்பின் இரைப்பைச் சுவரைத் தாக்குகிறது. உடலின் நடுப்பகுதி வீங்குவதும், உண்ட இரையைச் சில நாட்களில் கக்குவதும், உடல் மெலிவதும் இதன் அறிகுறிகள். எச்சத்தின் வழியே பரவும் இவ்வொட்டுண்ணி, தடித்த உறைக்குள் இருப்பதால் வழக்கமான கிருமிநாசினிகளைத் தாங்கிக்கொள்கிறது. உறுதியாகக் குணப்படுத்தும் மருந்து இல்லை. ஒரே தண்ணீர்க் கிண்ணத்தையும் ஒரே தரையையும் பகிரும் பாம்புகளிடையே இதனைத் தடுத்தல் அரிது.

போவாக்களையும் மலைப்பாம்புகளையும் தாக்கும் மற்றொரு நோயில் உயிரணுக்களுக்குள் புரதத் திரள்கள் தோன்றுகின்றன. இதற்கு அரினா குடும்பத்தைச் சேர்ந்த தீநுண்மங்களுடன் உள்ள தொடர்பு 2012இல் வெளியிடப்பட்டது. நோயுள்ள போவா நெடுங்காலம் அறிகுறியே இன்றி வாழக்கூடும். அதனுடன் வைக்கப்படும் மலைப்பாம்போ விரைவில் நரம்புக் கோளாறுகளுக்கு உள்ளாகும். பார்வைக்கு நலமாக இருக்கிறது என்ற காரணத்தால் மட்டும் புதிய பாம்பைப் பழைய பாம்புடன் சேர்ப்பது எவ்வளவு அபாயமானது என்பதற்கு இதனைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தேவையில்லை. பாம்பின் குருதியை உறிஞ்சும் சிற்றுண்ணிகளும் பெட்டிக்குள் எளிதில் பரவுகின்றன. இவற்றால் புதிய பாம்பைக் குறைந்தது மூன்று மாதம் தனியறையில் வைத்து எச்சத்தைச் சோதித்தல் வழக்கம்.

நோய் பரவுவதைப் போன்றே, நோயைக் கண்டறிவதும் சிக்கலாகிறது. ஒரு பாம்பின் நலத்தை வளர்ப்பாளர் அறிவது அது உண்டதா, கழித்ததா, கக்கியதா என்பவற்றைக் கொண்டே. பெட்டியின் மூலையில் கக்கப்பட்ட எலி ஒன்று கிடந்தால், உள்ளே ஒரு பாம்பு இருக்கும்போது விடை தெளிவு. மூன்று இருந்தால் மூன்றையும் மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

கார்ட்டர் பாம்புகளும் அண்மைய ஆய்வுகளும்

கனடாவின் மானிட்டோபா மாகாணத்தில் உள்ள நார்சிசு என்னும் இடத்தில், சுண்ணாம்புக்கல் பிளவுகளுக்குள் பல்லாயிரம் செம்பக்கக் கார்ட்டர் பாம்புகள் ஒன்றாகக் குளிர்காலத்தைக் கழித்து, இளவேனிலில் வெளிவருகின்றன. ஒன்டாரியோவின் வில்பிரிட் லாரியர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வில், இளம் கார்ட்டர் பாம்புகளை மறைவிடங்களிடையே இடம் மாற்றி வைத்தபோதும் அவை முன்பிருந்த கூட்டாளிகளுடன் மீண்டும் சேர முற்பட்டன. எந்தப் பாம்புடன் இருப்பது என்பதில் அவை தெரிவு காட்டின.

இதனினும் வியப்பளித்தது அதே பல்கலைக்கழகத்தின் 2024ஆம் ஆண்டு ஆய்வு. தனித்து வாழ்பவை எனக் கருதப்பட்ட பந்து மலைப்பாம்புகளின் இளம் உயிரிகளைப் போதுமான மறைவிடங்களுடன் குழுவாக வைத்தபோது, அவை ஒரே மறைவிடத்தில் நெருக்கியடித்துக் கிடந்தன. அம்மறைவிடத்தை அகற்றியபின் வேறொன்றில் மீண்டும் ஒன்றுகூடின. அருகில் கிடப்பதெல்லாம் இடநெருக்கடியே என்னும் பழைய விளக்கம் எல்லா நேரத்திலும் பொருந்தாது என்பது இதனால் தெரிகிறது. எனினும் பாம்புகள் சேர்ந்திருக்க விரும்புகின்றனவா என்பதும், வீட்டுப் பெட்டியில் சேர்த்து வைப்பது பாதுகாப்பானதா என்பதும் வெவ்வேறு கேள்விகள். ஆய்வு விடையளித்தது முதற்கேள்விக்கு. ஒட்டுண்ணியும் உணவு வேளைக் குழப்பமும் இரண்டாவதைச் சேர்ந்தவை. அவை அப்படியே உள்ளன.

இனப்பெருக்கம்

இரண்டும் பெண் என்று விற்கப்பட்ட பாம்புகளில் ஒன்று பின்னர் ஆணாக இருப்பது அரிதன்று. முழு வளர்ச்சி அடையுமுன் கருவுறும் பெண் சோளப் பாம்புக்கு முட்டை வெளிவராமல் அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. ஆணைப் பிரித்துவிட்டாலும் சிக்கல் தீர்ந்துவிடாது. பெண் பாம்புகள் விந்தைச் சேமித்து வைக்க வல்லவை. கிழக்கு வைரமுதுகு விரியன் ஒன்று ஐந்தாண்டு தனிமைக்குப் பின் குட்டிகளை ஈன்றதை 2011ஆம் ஆண்டு ஆய்வொன்று பதிவுசெய்துள்ளது. திட்டமிட்டு இனப்பெருக்கம் செய்வோர் ஆணையும் பெண்ணையும் சில நாட்கள் மட்டும் சேர்த்துவிட்டுப் பிரிப்பர்.

குழுவாகப் பேணும் முறை

கார்ட்டர் பாம்புகளைக் குழுவாக வளர்ப்போர் ஒத்த அளவும் ஒரே பாலும் உடையவற்றைத் தேர்ந்து, வெப்ப முனையிலும் குளிர் முனையிலும் பாம்புகளின் எண்ணிக்கையைவிடக் கூடுதலாக மறைவிடங்களை அமைப்பர். எடை ஒவ்வொன்றுக்கும் தனியே குறிக்கப்படும். உணவு வேளையில் மட்டும் ஒவ்வொரு பாம்பும் தனிக் கலத்துக்கு மாற்றப்படுகிறது. இங்கும் ஒரே மண்புழுவை இரண்டு பாம்புகள் கவ்வுவதுண்டு. எனவே உணவு முடிந்தபின் தலையை நீரால் கழுவி, மணம் அகன்ற பிறகே அவை பெட்டிக்குத் திரும்ப விடப்படுகின்றன.