முழுங்கிய வாக்கியம்

'காத்து பலமா அடிக்குது. நாளைக்கு மீன் விலை ஏறிடும்!'

கடப்பாக்கத்தில் இப்படிச் சொன்னால் யாரும் 'ஏன்?' என்று கேட்க மாட்டார்கள். காற்றுக்கும் விலைக்கும் நடுவே ஒரு வாக்கியம் இருக்கிறது: பலத்த காற்றில் படகு கடலுக்குப் போகாது. சொன்னவர் அதை மென்று முழுங்கிவிட்டார். கேட்டவருக்கும் அது தெரியும் என்பதால் வம்பில்லை.

பாங்க் பரீட்சைக்காரர்கள் வம்புக்கென்றே அந்த முழுங்கிய வாக்கியத்தைத் தேடச் சொல்கிறார்கள். மேலே ஒரு கூற்று. கீழே இரண்டு வரிகள். இவற்றில் எது உள்ளே மறைந்திருக்கிறது? முதலாவது மட்டுமா, இரண்டாவது மட்டுமா, இரண்டுமா, எதுவுமே இல்லையா? தப்பான விடைக்கு அந்தக் கேள்வியின் மார்க்கில் கால் பங்கு கோவிந்தா! நாலு தப்பு சேர்ந்தால் ஒரு சரியான விடையைச் சாப்பிட்டுவிடும்.

நான் ரிட்டயர்டு பாங்க் ஆசாமி. சாயங்காலம் ஐந்தாறு பிள்ளைகள் படிக்க வருகிறார்கள். கணக்கில் புலிகள்கூட இந்தக் கேள்வியில் வழுக்கி விழுகிறார்கள். விஷயம் தெரியாததால் அல்ல, தெரிந்திருப்பதால்!

'விடுமுறைக்குக் குடும்பத்தோடு ஆலம்பரைக் கோட்டைக்கு வாருங்கள்' என்று ஒரு விளம்பரம் என்று வையுங்கள். முதல் வரி: பழைய கோட்டையைப் பார்க்க ஜனங்களுக்குப் பிடிக்கும். இரண்டாவது: கோட்டை இடிந்து கிடக்கிறது. நம்ம ஊர்ப் பிள்ளைகள் இரண்டாவதையும் சேர்த்துக்கொள்வார்கள். 1750-ல் பிரெஞ்சுக்கார டூப்ளே கைக்குப் போனது, 1760-ல் ஆங்கிலேயர்கள் இடித்தது, 2004 சுனாமியில் இன்னும் சேதமானது எல்லாம் அத்துப்படி ஆயிற்றே! ஆனால் விளம்பரம் எழுதியவருக்கு அது தேவையே இல்லை. முதல் வரி மட்டும்தான் விடை. நிஜம் வேறு, சொன்னவர் காலூன்றி நிற்கிற இடம் வேறு.

சுத்தப் பொய்கூட அப்படிக் காலடியில் இருக்கலாம். 'மாப்பிள்ளை நல்ல சிவப்பு, குணமாத்தான் இருப்பார்' என்று சொல்லும் மாமி எதை முழுங்கினாள் என்று யோசியுங்கள்!

கண்டுபிடிக்க ஒரு வழி, அந்த வரியைத் தலைகீழாகப் போட்டுப் பார்ப்பது. எந்தக் காற்றிலும் படகு போகும் என்று வைத்தால், மீன் விலைப் பேச்சு படுத்துவிடும். ஆக, மறைந்திருந்தது அதுதான். 'ஊரில் எல்லாரும் மீன் சாப்பிடுவார்கள்' என்று ஒரு வரி கொடுத்திருந்தால்? நாலு பேர் சைவம் என்று மாற்றுங்கள். விலை அப்போதும் ஏறத்தான் செய்யும். தள்ளுங்கள் அதை. 'எல்லாரும்', 'மட்டுமே' வந்தாலே தப்பு என்று ஒரு குறுக்கு வழி சொல்வார்கள். பல சமயம் பலிக்கும். கூற்றே 'மட்டுமே' என்று பேசினால் காலை வாரிவிடும்.

அமெரிக்காவில் சட்டம் படிக்கப் போகிறவர்கள் எழுதும் எல்-சாட் பரீட்சைக்கும் இதே தலைகீழ் வித்தைதான். அதற்காக இது அமெரிக்கச் சரக்கு என்று நினைத்துவிடாதீர்கள். மணிமேகலையில், நமக்குப் பக்கத்துக் காஞ்சிபுரத்தில், அறவண அடிகள் மணிமேகலைக்குத் தருக்கம் சொல்லித் தருகிறார். மலையில் நெருப்பு இருக்கிறது, புகை தெரிவதால். இதோடு விட்டால் போதாதாம். புகை உள்ள இடத்தில் நெருப்பு உண்டு, அடுக்களையைப் பார் என்பதையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பக்கம், ஏது, திட்டாந்தம் என்று அவற்றுக்குப் பெயர். திட்டாந்தம்தான் நாம் முழுங்குகிற சமாசாரம். அடிகளிடம் முழுங்க அனுமதி கிடையாது!

என்னிடம் படிக்கும் ஒரு பெண்ணின் அப்பா படகுக்காரர். போன மாசம் வந்தார். "தை மாசம் இவளுக்குக் கல்யாணம் பேசப் போறோம் சார். இனிமே பரீட்சை எதுக்கு?" என்றார்.

நான் வாயைத் திறக்குமுன் பெண் முந்திக்கொண்டாள். "அப்பா, நீ ஒண்ணை முழுங்கிட்டே. கல்யாணம் ஆனவளுக்குச் சொந்தமா சம்பளம் தேவைப்படாதுங்கிறே. தேவைப்படும்னு மாத்திப் போட்டுப் பாரு, நீ சொன்னது நிக்குதா?"

அவர் தங்கை, புருஷன் போனபிறகு மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு கருவாட்டுக் கூடை சுமக்கிறாள். அதை அங்கே யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

"பீஸு எப்ப கட்டணும்?" என்றார், எங்கள் இருவரையும் பார்க்காமல்.