வேர் வரும்வரை ஓர் இலை

கேமரன் மலையில் ரிங்லெட்டைத் தாண்டி ஏறுகிறவர்களுக்குத் தேயிலை ஒரு புதராகத்தான் தெரியும். உண்மையில் அது மரம். கவாத்துக் கத்தி படாமல் விட்டால் ஆளுயரத்தைத் தாண்டி வளர்ந்துவிடும். அதை இடுப்பளவில் நிறுத்திவைப்பது காலமெல்லாம் நடக்கும் வேலை. ஆனால் செடி பிழைக்குமா, பிழைக்காதா என்பது நர்சரிப் பைக்குள் முதல் மூன்று மாதத்திலேயே முடிவாகிவிடுகிறது.

1929-ல் ஜே.ஏ. ரஸல், இலங்கையில் தேயிலை வளர்த்துப் பழகிய ஏ.பி. மில்னைச் சேர்த்துக்கொண்டு இந்த மலையில் ‘போ’ தோட்டத்தைத் தொடங்கினார். அந்தக் காலத்தில் புதுத் தோட்டம் என்றாலே விதைதான். தேயிலைப் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. அதனால் ஒவ்வொரு விதையும் ஒரு கலப்பு. ஒரே தாய்ச்செடியின் பிள்ளைகளில் ஒன்று முந்தித் துளிர்க்கும், இன்னொன்று சோம்பிக் கிடக்கும். நல்ல செடியை அப்படியே பெருக்க வேண்டுமானால் போத்து வெட்டி ஊன்றியாக வேண்டும். இலங்கை தலவாக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் ரகங்களும் தமிழ்நாட்டு வால்பாறையில் உள்ள உபாசி ஆராய்ச்சி நிலையத்தின் ரகங்களும் அப்படிப் பெருகியவைதான்.

முருங்கைப் போத்தை நினைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான். தேயிலைப் போத்து மூன்று, நான்கு சென்டிமீட்டர்தான் இருக்கும். ஓர் இலை, அதன் கக்கத்தில் ஒரு மொட்டு, கீழே சாய்வாக வெட்டிய காம்புத் துண்டு, அவ்வளவே. நுனிக்கிளை இளசு, அடிக்கிளை முற்றல். இரண்டையும் கழித்துவிட்டு நடுக்கிளையை எடுப்பார்கள். வெயில் ஏறுமுன் வெட்டி, உடனே தண்ணீரில் போட வேண்டும். அந்த இலைதான் போத்துக்குச் சோறு. ஆபத்தும் அதே இலைதான்: அது நீரை ஆவியாக விட்டுக்கொண்டே இருக்கும், உறிஞ்சிக் கொடுக்கக் கீழே வேர் இல்லை. நிழல் வலையும் பாலித்தீன் கூடாரமும் அதற்காகத்தான். கூடாரத்தின் உட்பக்கம் நீர்த்துளிகள் கோத்திருந்தால் உள்ளே ஈரம் போதும் என்று அர்த்தம்.

அன்பு மிகுந்த வீட்டுத் தோட்டக்காரர் தவறுவது மண்ணில். எருவும் அடுப்புச் சாம்பலும் கலந்து கொடுப்பார். தேயிலைக்குப் புளித்த மண் வேண்டும், அமிலகாரக் குறியீடு 4.5 முதல் 5.5 வரை. சாம்பல் அந்தப் புளிப்பை முறித்துவிடும். அப்போது வெட்டுவாயில் வெளிர்நிறத் திசு காலிஃப்ளவர் போலத் திரளும். பார்க்கிறவர் வேர்விடுகிறது என்று மகிழ்வார். வேர் மட்டும் வராது. கொட்டும் மழை காரச்சத்துகளைக் கழுவிவிட்டதால் மலைமண் இயல்பாகவே புளித்திருக்கிறது. பையின் மேல்பாகத்தில் சத்தில்லாத அடிமண்ணும் மணலும் கலந்து போட்டால் போதும். வேர்விடாத போத்துக்கு உரத்தால் பயனில்லை.

வேர் பிடித்ததும் கூடாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, பிறகு நிழலைக் குறைத்து, ஒன்பது மாதத்திலிருந்து ஓராண்டுக்குள் கன்றை மலைக்கு அனுப்புவார்கள். விதைக்கன்றுக்கு உள்ள ஆணிவேர் இதற்கு இல்லை, அதனால் வறட்சிக்குப் பயப்படும். வறட்சி தாங்கும் ரகத்தின் போத்தில் நல்ல விளைச்சல் ரகத்தை ஒட்டுக்கட்டும் வழியைத் தென்னிந்தியத் தோட்டங்கள் கையாண்டது அதனால்தான்.

விதையில் வந்த பழைய மலையையும் போத்தில் வந்த புது மலையையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தால் வித்தியாசம் தெரியும். பழையதில் செடிக்குச் செடி பச்சை மாறும், கொழுந்து முன்னும் பின்னுமாக வரும். புதியதில் ஒரே பச்சை, ஒரே வாரத்துக் கொழுந்து. கத்திரி இயந்திரம் பிடிப்பவருக்கு அது வசதி. நோய் ஒன்று வந்தால், அதற்கும் அதே வசதி.