அம்பாசிடர் தானுந்தின் பின் இருசும் தொங்கல் அமைப்பும்

அம்பாசிடர் தானுந்தின் பின்சக்கரங்கள், இரண்டு பட்டைவில்களின் மீது அமர்ந்த ஒரே விறைப்பான இருசினால் இணைக்கப்பட்டவை. பட்டறை வழக்கில் இருசு ஆக்சில் என்றும், பட்டைவில் ஸ்பிரிங் பட்டை என்றும், தொங்கல் அமைப்பு சஸ்பென்சன் என்றும் அழைக்கப்படுகின்றன. 1960களின் அமெரிக்க மசில் கார்கள் பலவற்றிலும் இதே அமைப்பு இருந்தது. எனவே அவற்றின் பின்பகுதியை மேம்படுத்தும் முறைகள் பொறியியல் அளவில் அம்பாசிடருக்கும் பொருந்தும். ஆயினும் இந்தியச் சட்டம் இத்தகைய மாற்றங்களுக்கு எல்லை வகுத்துள்ளது.

வரலாறு

1942இல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம், பிரித்தானியாவின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையை அடிப்படையாகக் கொண்டு அம்பாசிடரை உருவாக்கியது. மேற்கு வங்காளத்தின் உத்தரபாராவில் 1950களின் இறுதியில் தொடங்கிய உற்பத்தி 2014 மே மாதம் நின்றது. நெடுங்காலம் இதில் 1489 கன செ.மீ. பெட்ரோல் பொறி இருந்தது. அதன் திறன் சுமார் 50 குதிரைத்திறன். 1990களின் முற்பகுதியில் சுமார் 75 குதிரைத்திறன் கொண்ட 1817 கன செ.மீ. இசுசு பொறி அறிமுகமானது. திறன் ஏறத்தாழ ஒன்றரை மடங்கானபோதும் பின்பகுதியின் அடிப்படை அமைப்பு மாறவில்லை.

செயற்பாடு

இவ்வமைப்பில் பட்டைவில் இரு வேலைகளைச் செய்கிறது. ஒன்று, வண்டியின் எடையைத் தாங்குதல். மற்றொன்று, இருசை அதன் இடத்தில் நிறுத்தி, சக்கரத்தின் தள்ளுவிசையை உடலுக்குக் கடத்துதல். முதல் வேலைக்கு வில் நெகிழ்வாகவும், இரண்டாம் வேலைக்கு விறைப்பாகவும் இருக்க வேண்டும். இம்முரண்பாடே இவ்வமைப்பின் குறைபாடுகளுக்கு மூல காரணம் ஆகும்.

வண்டி வேகமெடுக்கும்போது சக்கரங்கள் முன்னோக்கிச் சுழல, அதன் எதிர்விளைவாக இருசின் கூடு எதிர்த்திசையில் திரும்ப முயல்கிறது. அப்போது பட்டைவில் எஸ் வடிவில் முறுக்கப்படுகிறது. டயர் வழுக்கியதும் வில் விடுபட்டு மீள்கிறது; டயர் சாலையைப் பற்றியதும் மீண்டும் முறுகுகிறது. இது விரைந்து திரும்பத் திரும்ப நிகழும்போது பின்சக்கரம் துள்ளுகிறது. தடை அழுத்தும்போது முறுக்கம் எதிர்த்திசையில் நிகழும்.

1967இல் வெளிவந்த செவ்ரோலே கமாரோவின் பின்புறத்தில், பக்கத்திற்கு ஒரே பட்டை கொண்ட வில் இருந்ததால் இத்துள்ளல் மிகுதியாகக் காணப்பட்டது. 1968இல் அதிர்வுத்தாங்கிகளுள் ஒன்று இருசுக்கு முன்னும் மற்றொன்று பின்னும் அமைக்கப்பட்டன. திறன் மிகுந்த வகைகளுக்குப் பல பட்டைகள் கொண்ட வில்லும் அளிக்கப்பட்டது.

மேம்படுத்தும் முறைகள்

பட்டைவில்: தேய்ந்த ரப்பர் புஷ்கள், சாக்கிள்கள், தளர்ந்த யூ போல்ட்டுகள் ஆகியவற்றை மாற்றுவதே முதற்படி. பழைய வண்டிகளின் ஆட்டம் பெரும்பாலும் இதிலேயே குறையும். தொய்ந்த வண்டியை உயர்த்தக் கூடுதல் பட்டை சேர்ப்பதும் உண்டு. ஒரே தடிப்புள்ள 6 பட்டைகளுடன் ஏழாவதைச் சேர்த்தால் விறைப்பு சுமார் 17 விழுக்காடு கூடும். ஆனால் தடிப்பை இரு மடங்காக்கினால் பட்டையின் விறைப்பு 8 மடங்காகும். மிகை விறைப்பினால், சுமை இல்லாதபோது பின்புறம் தூக்கிப்போடும்.

இழுவைத் தண்டு: இருசிலிருந்து முன்னோக்கிச் செல்லும் இத்தண்டு, வில் எஸ் வடிவில் முறுகுவதைத் தடுக்கிறது.

நான்கு இணைப்பு அமைப்பு: பட்டைவில்லை நீக்கி, எடையைச் சுருள்வில்களுக்கும் இருசை நிலைநிறுத்தும் வேலையை நான்கு தண்டுகளுக்கும் பிரித்துக் கொடுப்பது இம்முறை. நான்கும் இணையாக அமைந்தால் பக்கவாட்டு நகர்வைத் தடுக்க ஒரு குறுக்குத் தண்டும் தேவை. அம்பாசிடருக்குத் தனிச் சட்டகம் இல்லை. உடலே சுமை தாங்குகிறது. ஆகவே வலுவூட்டாத தகட்டில் தண்டுகளைப் பற்றவைத்தால் தகடு கிழியக்கூடும்.

இருசு: கிரவுன், பினியன் ஆகியவற்றின் பல் விகிதத்தை மாற்றினால் பொறியின் சுழற்சி மாறும். எடுத்துக்காட்டாக, சக்கரம் நிமிடத்திற்கு 700 முறை சுற்றும்போது, விகிதம் 4.5 எனில் நேரடிப் பல்லிணையில் பொறி 3150 முறையும், 4.1 எனில் 2870 முறையும் சுற்றும். நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்கு நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிக்கு இது நன்மை. ஆனால் சக்கரத்தில் கிடைக்கும் முறுக்குவிசை சுமார் 9 விழுக்காடு குறைவதால், கோதையாறு மலைப்பாதையில் ஏறும் வண்டிக்கு இது குறையாகும். இருசை முழுமையாக மாற்றினால் பினியனின் சாய்கோணம், தடைக்குழாயின் நீளம் ஆகியவற்றையும் சரிபார்த்தல் இன்றியமையாதது.

சட்ட நிலை

மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து வேறுபடும் வகையில் வாகனத்தை மாற்றக்கூடாது. அண்டை மாநிலமான கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில், 2019 சனவரியில் உச்ச நீதிமன்றம் இதனை உறுதி செய்தது. அதே ஆண்டின் திருத்தச் சட்டம், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்திற்கும் 5,000 ரூபாய் தண்டம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்க வழிசெய்தது. கன்னியாகுமரி மாவட்டத்தில் டி.என். 74 எண் வரிசை கொண்ட வண்டிகள் நாகர்கோவில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும், டி.என். 75 வரிசை வண்டிகள் மார்த்தாண்டத்திலும் பதிவாகின்றன. மாற்றத்தைத் தொடங்கும் முன்னரே உரிய அலுவலகத்தில் கேட்டறிதல் நன்று.

2021ஆம் ஆண்டு விதிகளின்படி, 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட தானுந்துகளைப் பழம்பெரும் வாகனங்களாகப் பதியலாம். ஆனால் அவை மூல வடிவில் இருத்தல் வேண்டும்; அடிச்சட்டகம், உடல், பொறி ஆகியவற்றில் மாற்றம் செய்திருக்கக்கூடாது. எனவே உடலில் தண்டுகளைப் பற்றவைக்கும் உரிமையாளர் அத்தகுதியை இழக்க நேரிடும். அதே அளவிலான புதிய புஷ், பட்டை, அதிர்வுத்தாங்கி ஆகியவற்றைப் பொருத்துவது பராமரிப்பே ஆகும்.

இவற்றையும் பார்க்க

பட்டைவில்
வேறுபாட்டுப் பல்லிணை
இந்துஸ்தான் மோட்டார்ஸ்